வாலறுத்த எலி வாங்கப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கீபோர்டும் மவுசும் வாங்க நீ படுத பாட்டை உங்கம்மா போன்ல சொல்லி மாளலை. சோத்துக்கு முன்னால உக்காந்தாலும் இடது கையில போனாம். எவனோ ஒருத்தன் பெட்டியைப் பிரிக்கானாம், நீ வாயைப் பொளந்து பாக்கியாம். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு நீ இம்புட்டு விசாரிக்கலையேடா. ரெண்டாவது பஜ்ஜி வாரதுக்குள்ள சரின்னு தலையை ஆட்டிட்ட. அந்தப் பிள்ளை தங்கமா அமைஞ்சது உன் சாமர்த்தியம்னு நினைச்சிராத, அது உங்கம்மா கும்பிட்ட சாமி.

மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளேன்னு உங்கம்மா சொன்னதுக்கு, "அவருக்குப் பருத்தியும் உளுந்தும் தெரியும், இதெல்லாம் என்ன தெரியும்"னு கேட்டியாமே. வாஸ்தவம்தான். ஆனா இதே மாமன்தான் கோவில்பட்டியில டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினவன். குரூப் நாலு எழுதி இன்னைக்கு ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கிற எத்தனையோ பேரு விரலைப் பிடிச்சு ஏ எஸ் டி எஃப் மேல வச்சவன். டைப்பிங் லோயர் பரிட்சைக்குப் பீஸ் கட்டிட்டு மேட்னி ஷோவுக்குப் போனவன் ஒருத்தன்தான். யாருன்னு நான் சொல்லலை.

முதல்ல ஒண்ணு கேக்கேன். ஒயரு உன்னை என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்குக் கிடக்கு. செல் கேக்குதா, டாங்கிள் கேக்குதா? அதே காசுக்கு ஒயர் வச்சதுல நல்ல சரக்கே கிடைக்குமே. மவுசுன்னு ஒண்ணை உலகத்துக்கு மொதமொதல்ல கூட்டத்துல காட்டுனது 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோவுல, டக்ளஸ் எங்கல்பார்ட்ங்கிறவரு. அவரோட மொத மவுசுக்கு மரத்துல செஞ்ச கூடு, அடியில ரெண்டு சக்கரம், வாலு கணக்கா ஒரு ஒயரு. எலின்னு பேரு வந்ததே அந்த வாலாலதான். அந்த மனுசன் வச்ச வாலை அறுக்கத்தான் நீ இப்பக் கூடக் காசு கொடுக்கப் போற.

கோவிக்காத. உனக்கு அது வேணும்ங்கிறதும் எனக்குத் தெரியும். மடிக்கணினியை மேசையில போட்டு, கழுத்தை மடிச்சு, நாளெல்லாம் குனிஞ்சு கிடந்து, ராத்திரி அந்தப் பிள்ளையை மூவ் தேய்க்கச் சொல்லுதியே, அந்தக் கழுத்துக்கு இது மருந்துதான். கணினியை நாலு புஸ்தகத்து மேல தூக்கி வச்சு, திரை கண்ணுக்கு நேரா நிக்கணும்; கீபோர்டு கீழ தனியா முழங்கை மட்டத்துல இருக்கணும். உன் சின்னவனும் கண்ட ஒயரையெல்லாம் பிடிச்சு இழுக்கான். அதனால வாலறுத்ததே வாங்கு. ஆனா எதைப் பாத்து வாங்கணும்னு கேட்டுக்க.

பெட்டி மேல பெருசா என்ன போட்டிருக்கான்? "10 மீட்டர் தூரம் வேலை செய்யும்." 10 மீட்டர்னா முப்பத்திமூணு அடி. முப்பத்திமூணு அடிக்கு அங்கன நின்னுக்கிட்டு உன் கணினியில நீ என்னத்தைப் படிக்கப் போற? அதுக்கடுத்து "1600 டி.பி.ஐ." மவுசை ஒரு அங்குலம் நகத்தினா அது எத்தனை புள்ளியா எண்ணுதுங்கிற கணக்கு அது. நீ பாக்கிற சோலிக்கு ஆயிரம் தாராளம். அதுக்கு மேல போனா அம்புக்குறி நீ சொல்லுத இடத்துல நிக்காம ஓடும், நீ பிடிக்கப் பின்னால ஓடுவ. அப்புறம் "ஸ்டைலிஷ்"னு ஒரு வார்த்தை. உன்னைக் கட்டிக்கிட்டவளே அதைப் பெருசா எடுத்துக்கலை, கீபோர்டுக்கு எதுக்கு?

மாட்டுத்தாவணியில தரகன் என்ன செய்வான்? கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்துல சலங்கை கட்டி நிறுத்துவான். வாங்குறவன் சலங்கைச் சத்தத்துல சொக்காம, வாயைப் பிளந்து பல்லைப் பாக்கணும், நாலு எட்டு நடக்க விட்டுக் காலைப் பாக்கணும். பெட்டி மேல கத்துறதெல்லாம் சலங்கை மருமவனே. அவன் அமுக்கி வாசிக்கிறதைத்தான் நாம தேடணும்.

நீ பாக்கிறது தமிழ்ல மொழிபெயர்க்கிற வேலை. அடிக்கிறது தமிழ் 99. மாமன் சொல்லி நீ உருப்படியாக் கேட்டது அது ஒண்ணுதான். "அம்மா"ன்னு எழுத ஏ எம் எம் ஏ ஏன்னு இங்கிலீஷ் வழியா ஊரைச் சுத்தி வாரவனுக்கு இந்த விசாரம் கிடையாது; உனக்கு உண்டு. 1999ல நம்ம அரசு ஏத்துக்கிட்ட இந்தத் தமிழ் 99 முறையில உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. அந்த வலது கைப்பக்கம் கடைசி ஓரத்துல யாரு யாரு குடியிருக்கான்னு பாரு. செமிகோலன் இருக்கிற இடத்துல ந. அதுக்கடுத்த மேற்கோள் குறியில ய. சதுர அடைப்புக்குறி ரெண்டுலயும் ச, ஞ. கீழ ஸ்லாஷ் இருக்கிற இடத்துல நம்ம ழ.

இப்ப மலிவு விலைக் குட்டிக் கீபோர்டு ஒண்ணை எடுத்துப் பாரு. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன்னு அவன் எந்தக் கட்டையை நசுக்கியிருப்பான்? அதே ஓரத்துக் கட்டைகளைத்தான். இங்கிலீஷ் அடிக்கிறவனுக்கு அடைப்புக்குறியும் செமிகோலனும் எப்பவோ ஒருதரம் வாரது. அதனால அதை அரைக் கட்டையாக்கினாலும், இடம் மாத்திக் கீழ தள்ளினாலும் அவன் கண்டுக்கிட மாட்டான். நமக்கு? ந இல்லாம "நான்"னு எப்படி அடிப்ப? ய இல்லாம எந்த வாக்கியம் முடியும்? எவனோ ஒரு டிசைன்காரன் இங்கிலீஷுக்கு ஆகாதுன்னு ஒதுக்கின மூலையிலதான் நம்ம பாதிப் பொழைப்பு நடக்கு. நீ விழுந்து விழுந்து பாக்கிற வீடியோவுல எவனாவது இதைச் சொன்னானா? சொல்ல மாட்டான், அவனுக்கு ழவே வராது.

அதனால கடைக்குப் போகையில ஒரு ஸ்கேலைச் சட்டைப்பையில போட்டுட்டுப் போ. முழு அளவுக் கீபோர்டுல ஒரு கட்டையோட நடுவுல இருந்து அடுத்த கட்டையோட நடுவுக்கு 19 மில்லிமீட்டர். எல்லும் செமிகோலனும் அந்த இடைவெளியில இருக்கா, செமிகோலனும் அடுத்ததும் அதே இடைவெளியில இருக்கான்னு பாரு. வலது ஓரத்துல திடீர்னு ஒடுங்குச்சுன்னா வச்சிட்டு வந்துரு. கடைக்காரன் உன்னை ஒரு மாதிரி பாப்பான். பாக்கட்டும். டைலர் கடையில அளவெடுத்தா எவனும் சிரிக்கிறதில்லை.

இன்னொண்ணும் தமிழ் 99க்குன்னே உள்ள சங்கடம். ஒரே மெய்யை அடுத்தடுத்து ரெண்டு தரம் அடிச்சா, முதல் எழுத்துக்குத் தானா புள்ளி வந்துரும். அதுதான் அதோட அழகே. ஆனா மட்டமான கீபோர்டுல ஒரு கட்டையை ஒரு தரம் தட்டினா ரெண்டு தரம்னு பதிவாகிற நோய் ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல அது வெறும் எழுத்துப்பிழை, சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துரும். உனக்கு "படம்" பட்டமாயிரும், ரெண்டுமே சரியான வார்த்தை, எந்தக் கோடும் வராது. நீ பாட்டுக்கு "குடியரசுத் தலைவர்"னு அடிப்ப, ட ரெண்டு தரம் விழுந்து "குட்டியரசுத் தலைவர்"னு அச்சாகி வரும். டெல்லியில இருந்து போன் வந்தா மாமாவைக் கேளுன்னு சொல்லிராத.

மேல ஒட்டின எழுத்து அழியிறதும் உண்டு. மலிவுல எழுத்தை மைய வச்சு ஒத்தியிருப்பான், நாலு மாசம் வேர்வைக் கை பட்டா ஏயும் ஈயும் காணாமப் போகும். பார்க்காம அடிக்க ஒழுங்காப் படிச்சவனுக்கு அது நட்டமே இல்லை. மேட்னி ஷோவுக்குப் போனவன்தான் கவலைப்படணும். எஃப், ஜே கட்டையில விரலுக்குத் தட்டுப்படுற மாதிரி ஒரு மேடு இருக்கணும், அதை மட்டும் தடவிப் பாத்துக்க. சில மலிவுச் சரக்குல அந்த மேடு இருக்கா இல்லையான்னு விரல் சந்தேகப்படும்.

உன் பொண்டாட்டி தீப்பெட்டிக் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே டாலியில கணக்குப் போடுதா. அவளும் இதே கீபோர்டைத்தான் எடுப்பா, நீ தடுத்துருவியாக்கும். அவளுக்கு வலது ஓரத்துல எண் கட்டை தனியா வேணும். மேல எஃப் வரிசையும் ஒரே அழுத்துல வேணும். டாலியில எஃப்5 பட்டுவாடா, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். இப்ப வார குட்டிக் கீபோர்டுல அந்தக் கட்டையெல்லாம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்னு ஆக்கிட்டான். எஃப் வேணும்னா எஃப்.என்.ன்னு இன்னொரு கட்டையையும் சேத்து அமுக்கணும். அவ ஒரு விற்பனைச் சீட்டுப் போட எஃப்8ஐ அமுக்க, உன் கணினி "ஊலலலா"ன்னு கத்தும். அதுவும் மாசக் கடைசியில. அந்த நேரம் நீ வீட்டுல இருக்காத.

நாலாம் எண் கட்டையில ரூபாய்க் குறி அச்சடிச்சிருக்கான்னு கேக்கச் சொன்னாளாம். இருந்தா நல்லது. 2010ல நாடு ஏத்துக்கிட்ட அந்தக் குறியை வரைஞ்சது நம்ம தமிழ்க்காரரு உதயகுமார். அச்சு இல்லாட்டியும் ஒண்ணும் குடி முழுகாது. விண்டோஸ்ல இங்கிலீஷ் இந்தியான்னு வச்சுக்கிட்டு வலது ஆல்ட்டோட நாலை அமுக்கினா வந்துட்டுப் போவுது.

கேப்ஸ்லாக் விளக்கு. இதைக் கேட்டா நீ சிரிப்ப, ஆனா கேளு. செல் தீந்துரும்னு பயந்து மலிவு ஒயர்லெஸ் கீபோர்டு பலதுலயும் அந்தப் பொட்டு விளக்கையே வைக்கிறதில்லை. கேப்ஸ்லாக் விழுந்து கிடக்கா இல்லையான்னு உனக்குத் தெரியாது. பாங்குப் பாஸ்வேர்டு அடிக்கையில எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். நீ சரியாத்தான் அடிக்கேன்னு சத்தியம் பண்ணுவ, அவன் தப்புன்னுவான். திரும்பத் திரும்ப அடிச்சு கணக்கு முடங்கினதுக்கப்புறம் உங்கம்மாவுக்குப் போனைப் போட்டு "பாங்குக்காரன் சரியில்லை"ம்ப. விளக்கு உள்ளதாக் கிடைச்சா அதை எடு. இல்லைன்னா கேப்ஸ்லாக் விழுந்தா திரையில காட்டுற மாதிரி கணினியில ஏற்பாடு பண்ணிக்க.

செல் விவகாரத்துக்கு வாரேன். காசு போற ஓட்டை அங்கனதான் இருக்கு. கீபோர்டு சாதுவான சாமான். நீ அமுக்கினாத்தான் பேசும், மத்த நேரம் தூங்கும். மவுசு அப்படி இல்லை. அதுக்கு அடியில ஒரு விளக்கு, விளக்கு வெளிச்சத்துல மேசையை ஒரு வினாடிக்கு ஆயிரம் தரத்துக்கு மேல படம் பிடிச்சு, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன நகந்திருக்குன்னு ஒத்துப் பாத்துக்கிட்டே இருக்கிற பொட்டுக் கேமரா. இம்புட்டு உழைக்கிறவனுக்குத் தீனி கூட வேணும்ல? லாஜிடெக் எம்.கே.270ன்னு பழக்கமான செட்டு ஒண்ணு இருக்கு. அதுல கம்பெனிக்காரன் கணக்கே கீபோர்டுக்கு 24 மாசம், மவுசுக்கு 12 மாசம். நம்ம கையில அம்புட்டு நிக்குமாங்கிறது வேற. ரெண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பாரு.

அதனால மவுசுல பெரிய பென்சில் செல் போடுறதா, ரிமோட்டுக்குப் போடுத சின்னதான்னு கவனி. பெரிய செல்லு சின்னதை விட ரெண்டு மடங்குக்கு மேல தாங்கும். வெலையில அம்புட்டு வித்தியாசம் கிடையாது. அப்புறம் பெட்டிக்குள்ள ஓசியாக் கொடுத்த செல்லைப் பாத்து மயங்காத. அது பெரும்பாலும் கார்பன் ஜிங்க். சீக்கிரம் தீரும், தீந்தும் எடுக்காம விட்டா உருகிக் கசிஞ்சு சுருள் கம்பியில பச்சையாப் பூத்து நிக்கும். சுருள் போச்சுன்னா கீபோர்டும் போச்சு. ஆல்கலைன்னு போட்டதா வாங்கிப் போடு. தீபாவளிக்கு, குலதெய்வம் கும்பிடன்னு ஊருக்குக் கிளம்பினா அடியில உள்ள சுவிட்சை அமத்திட்டுப் போ. சுவிட்சே இல்லாத மவுசா? வாங்காத.

உள்ளயே சார்ஜ் ஏத்துற பேட்டரி வச்சது வருதே மாமான்னு கேப்ப. வரட்டும். சார்ஜ் தீந்தா ஒயரைக் குத்தணும். ஒயரு வேண்டாம்னுதானே இம்புட்டு தூரம் வந்தோம்? செல் போடுததுன்னா அடுப்படிக் கடிகாரத்துல இருந்து உருவிப் போட்டு அன்னைக்குப் பொழுதை ஓட்டலாம். மணி பாக்க முடியலையேன்னு உங்கம்மா கத்துவா, அது குடும்ப விவகாரம்.

இனி டாங்கிள். கணினியில சொருகுத நகத்தளவுச் சாமான், அதுதான் மொத்த செட்டுக்கும் உசுரு. மலிவு செட்டுல அந்த டாங்கிளுக்கு அந்தக் கீபோர்டையும் அந்த மவுசையும் விட்டா வேற யாரையும் தெரியாது. அதுகளுக்கும் வேற டாங்கிள் ஆகாது. தொலைஞ்சா, கீபோர்டு முதுகு சொறியவும் மவுசு பேப்பர் பறக்காம வைக்கவும்தான். கல்யாணத்துக்கு முந்தி வண்டிச் சாவியை எத்தனை தரம் தொலைச்சன்னு உங்கம்மா கணக்கு வச்சிருக்கா. அதனால மவுசுக்கு அடியில, செல் மூடிக்குள்ள டாங்கிளைச் சொருகி வைக்க ஒரு பொந்து இருக்கான்னு பாரு. எங்கயாவது கொண்டு போகையில அதுல வச்சிரு. கணினியிலேயே விட்டுப் பையில திணிச்சின்னா ஒரு நாள் எங்கயாவது இடிச்சு டாங்கிளும் வளையும், அந்த ஓட்டையும் வளையும். புதுக் கணினி சிலதுல பழைய பெரிய யூ.எஸ்.பி. ஓட்டையே கிடையாது, சின்ன நீள்வட்டம் மட்டும்தான். உன்னது எதுன்னு இப்பவே எந்திரிச்சுப் போய்ப் பாரு. அப்படின்னா புளூடூத்துல பேசுதது வாங்கலாம், விலை கொஞ்சம் ஏறும்.

டாங்கிளைச் சொருகுத இடத்துலயும் சூட்சுமம் இருக்கு. இந்த சாமான் எல்லாம் பேசுதது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில. உன் வைஃபையும் அங்கனதான், மைக்ரோவேவ் அடுப்பும் அந்தப் பக்கம்தான். இதுல யூ.எஸ்.பி. மூணுன்னு நீல நாக்கு வச்ச ஓட்டை இருக்கே, அதுல ஹார்டு டிஸ்க்கைச் சொருகினா அதே அலையில இரைச்சல் கிளம்பும்னு இன்டெல் கம்பெனியே 2012ல எழுதி வச்சிருக்கான். டாங்கிளை அதுக்குப் பக்கத்துல சொருகிட்டு, அம்பு தத்தித் தத்தி நகருது, எழுத்து விழ மாட்டேங்குதுன்னு கடைக்காரனை வைவ. கறுப்பு நாக்கு ஓட்டைக்கு மாத்து. இல்லைன்னா முழ நீளத்துல ஒரு யூ.எஸ்.பி. நீட்டி ஒயரு வாங்கி டாங்கிளை வெளிய இழுத்து வை. ஆமா, ஒயர்லெஸ்ஸு ஒழுங்கா ஓட ஒயரு. சிரிக்காத, எத்தனையோ பேருக்கு அதுதான் தீத்து வச்சிருக்கு.

ரகசியம் ஒண்ணு. காதைக் கிட்ட கொண்டா. 2016ல அமெரிக்காவுல பாஸ்டில்னு ஒரு பாதுகாப்புக் கம்பெனிக்காரங்க மலிவு ஒயர்லெஸ் கீபோர்டுகளை எடுத்துச் சோதிச்சாங்க. எட்டுக் கம்பெனிச் சரக்குல, நீ அடிக்கிற எழுத்தைப் பூட்டு எதுவும் போடாம அப்படியே காத்துல விடுதான்னு தெரிஞ்சுச்சு. 250 அடி தள்ளி நின்னு எடுத்துரலாமாம். பாஸ்வேர்டைப் பொண்டாட்டி காதுலகூடச் சொல்லாம மறைச்சு வச்சிருக்க. கீபோர்டு அதைத் தெருமுனை டீக்கடை வரைக்கும் ஒலிபரப்பிக்கிட்டு இருந்தா? அதே வருசம் மவுசு டாங்கிள் வழியா உள்ள புகுந்து எழுத்தடிக்கிற ஓட்டையையும் அவங்கதான் சொன்னாங்க, அதுல பேர்பெத்த கம்பெனிகளும் மாட்டுச்சு. நம்ம டீக்கடையில அதுக்குன்னு எவனும் மெஷினைத் தூக்கிட்டு உக்காந்திருக்கப் போறதில்லை, வாஸ்தவம். இருந்தாலும் பெட்டியிலயோ கம்பெனி விவரச்சீட்டுலயோ "ஏ.இ.எஸ். 128 பிட்"னு ஒரு வரி இருக்கான்னு தேடு. எழுத்தைப் பூட்டி அனுப்புதான்னு அர்த்தம். சலங்கையைப் பத்தி அரைப் பக்கம் எழுதுத கம்பெனிக்காரன் இந்த ஒரு வரியை எழுத மறந்திருந்தா, அவன் மறக்கலைன்னு வச்சுக்க.

மவுசைப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணுமில்லை. உள்ளங்கைக்குள்ள அடங்குதான்னு பிடிச்சுப் பாரு. உன் சின்னவன் நொட்டாங்கைக்காரன், வலது கைக்குன்னு வளைச்சுச் செஞ்சதை எடுத்துராத, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கிறது போதும். கண்ணாடி மேசையில விளக்கு மவுசுக்குக் கண்ணு தெரியாது, ஒரு பழைய காலண்டர் அட்டையைப் போட்டுக்க. ராத்திரி வேலை பாக்கிறவன் சத்தமில்லாத கிளிக்கு வச்சதா எடுத்தா பக்கத்துல படுத்திருக்கிறவ வாழ்த்துவா. தண்ணி சிந்தினாலும் தாங்கும்னு போட்டிருந்தா, கீபோர்டைக் கவித்துப் போட்டு அடியில தண்ணி வடியத் துவாரம் இருக்கான்னு பாரு. தாங்கும்னுதான் சொல்லுதான், குளிப்பாட்டச் சொல்லலை.

பெட்டிக்கு அடியில பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைப் போட்டுக்க. நம்ம நாட்டுல விக்கிற ஒயர்லெஸ் கீபோர்டுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், 2012ல போட்ட முதல் பட்டியல்லயே அது இருக்கு. ஆர்னு ஆரம்பிச்சு எண் போட்டிருக்கும். பி.ஐ.எஸ். கேர்னு ஒரு செயலி இருக்கு, அதுல எண்ணைத் தட்டினா எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண்ணுன்னு காட்டிரும். நாள் முழுக்க வீடியோ பாக்கிற போன்ல அரை நிமிசம் இதையும் பாரு. எம்.ஆர்.பி., செஞ்ச நாடு, மாசம், குறை சொல்ல போன் நம்பரு எல்லாம் இருக்கணும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனா இதை விட மலிவுன்னு உன் கூட்டாளி சொல்லுவான். பஸ் சார்ஜைக் கூட்டிட்டு அப்புறம் சொல்லச் சொல்லு. வெளிநாட்டுப் பேரா இருந்தாத்தான் ஆச்சுன்னும் இல்லை, ஜெப்ரானிக்ஸ் நம்ம சென்னைக் கம்பெனிதான். கேரண்டி ஒரு வருசமா மூணு வருசமாங்கிறதை விட, கெட்டுப்போனா கொண்டு போய்க் கொடுக்க தூத்துக்குடியிலயோ திருநவேலியிலயோ இடம் இருக்கான்னு கேளு. பில்லை அந்தப் பிள்ளைகிட்டக் கொடுத்து வை. உன்கிட்ட வேண்டாம்.

ஆன்லைன்ல நூறு ரூவா குறைச்சலா இருக்கும். ஆனா கட்டையை அமுக்கிப் பாக்க முடியாதே. உன் மடிக்கணினியைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போ. டாங்கிளைச் சொருகச் சொல்லி, தமிழ் 99ஐப் போட்டுக்கிட்டு, பார்க்காம ஒரு வரி அடி: "மாமா, ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறு சாப்பிட வருகிறோம்." ஓரத்துல கிடக்கிற ஞ, ய, ழ, ந, ச அஞ்சும் அதுல வந்துருது. அடிச்சதைத் திருத்தாம அப்படியே எனக்கு அனுப்பு. பிழை இல்லாம வந்தா பணத்தைக் கட்டு, நான் சேவலை அமுக்கச் சொல்லுதேன். "கிலமை"ன்னு வந்துச்சுன்னா அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லு. எல்லாப் பெட்டியிலயும் "கிலமை"ன்னே வந்தா, கடைக்காரனைத் திட்டாம நேரா இங்கன வா. பழைய ரெமிங்டனைத் துடைச்சு வச்சிருக்கேன், லோயர்ல இருந்து ஆரம்பிப்போம்.